ஸ்கூட்டர் பழகிய மாதத்து வினையடைகள்

என் நாட்குறிப்பில் மற்ற மாதங்களுக்குப் பன்னிரண்டு, பதினைந்து பக்கம் போதும். எழுந்த நேரம், மழை உண்டா இல்லையா, கரண்ட் போன நேரம், வந்த நேரம், படித்த புத்தகம், எந்தப் பக்கத்தில் நிறுத்தினேன் என்பது. அலுவலகத்தில் எனக்கு ஆவணப் பிரிவு. தேதி போடாத காகிதத்தைக் கண்டால் கை அரிக்கும் பழக்கம் அங்கிருந்துதான் வீட்டுக்கும் வந்தது. அந்த ஒரு மே மாதம் மட்டும் நாற்பத்தேழு பக்கம் ஓடியிருக்கிறது. பாதிக்கு மேல் வினையடைகள்.

அந்த மே மாதத்தின் முதல் வாரத்தில் என் மனைவிக்குப் பதவி உயர்வு வந்தது. பத்தொன்பது வருடம் தமிழாசிரியையாக இருந்தவள், செய்யூர்ப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியை. நாங்கள் இருப்பது அணுபுரம் குடியிருப்பில். கடற்கரைச் சாலையில் போகும் பஸ் அவளைப் பாலாறு தாண்டி மெயின் ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து பள்ளி ஐந்து கிலோமீட்டர் உள்ளே. உள்ளே போகிற பஸ் ஒன்று காலை ஆறரைக்கு, அடுத்தது பதினொன்றுக்கு. ஒன்பது மணிக்குப் பள்ளியைத் திறக்க வேண்டியவளுக்கு இரண்டும் உதவாது. நான் கொண்டுபோய் விடலாமென்றால் என் அலுவலகம் எட்டே முக்காலுக்கு, எதிர்த்திசையில்.

ஆக, அவளே ஸ்கூட்டர் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஜூனில் பள்ளி திறக்கும் நாள் வியாழக்கிழமை. எழுதிக் கொடுக்கக் கடைசி நாள் அதற்கு முந்தின புதன்கிழமை. உத்தரவு வந்த மறுநாளே எல்.எல்.ஆர். எடுத்தோம். செங்கல்பட்டில் ஓட்டுநர் தேர்வுக்குக் கிடைத்த நாள் அந்தப் புதனுக்கு முந்தின செவ்வாய். என் கட்டம் போட்ட காலண்டரில் மூன்று நாட்களும் ஒட்டிக்கொண்டு நின்றன. அவளுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

முதலில் நான்தான் கற்றுக்கொடுத்தேன். அது பதினோரு நிமிடம் நீடித்தது. அதைப் பற்றி நாட்குறிப்பில் ஒரு வரிதான் இருக்கிறது.

பிறகு ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தோம். மாமல்லபுரத்துக்காரி, முப்பது வயதிருக்கும். குடியிருப்பில் பாதிப் பெண்கள் அவளிடம்தான் பழகியிருந்தார்கள். அவள் பாடம் நடத்தும் முறையே தனி. முதல் இரண்டு நாள் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். மூன்றாம் நாளிலிருந்து இறங்கிவிடுவாள். பின்பக்கக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சுடிதாரின் மேல் போட்ட ஆண் சட்டை காற்றில் உப்ப, வண்டியோடு ஓடுவாள். ஓடும்போது வாய் மூடாது.

"இன்னா டீச்சர், வண்டிய இப்டி கட்டிப் புடிச்சிகினு கீற? அது இன்னா ஓடிப் போயிடுமா?"

"விழுந்துட்டா?"

"வுழுந்தா எழுந்துக்க. கீழதான வுழுவ, மேலயா போவ? கைய லேசா வை. லேசா. டயர பாக்காத, டயரு அங்கயேதான் கீது. தூரமா பாரு. இப்ப குடு. கொஞ்சூண்டு. பட்டுனு குடுக்காத டீச்சர், மெதுவா, மெதுவா, ஒரே மாரி."

நான் தெருவோரச் சிறுபாலத்தின் மேல் நாட்குறிப்போடு உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டே வந்தபோதுதான், காலை 6.40க்கு, அது கண்ணில் பட்டது. ஸ்கூட்டர் ஓட்டுவதற்கு அவளுக்குத் தேவைப்பட்ட செயல்கள் மொத்தமே ஏழு. குடு, புடி, வுடு, திருப்பு, பாரு, வை, எடு. அரை மணி நேரமாக அவள் மூச்சிரைக்கச் சொன்ன மற்ற எல்லாமே, அந்த ஏழை எப்படிச் செய்வது, எப்போது செய்வது, எங்கே செய்வது, எவ்வளவு செய்வது என்பதுதான். ஆக்சிலேட்டரைக் கொடு என்பது ஒரு நொடியில் முடிந்துவிடுகிற விஷயம். மெதுவா குடு, இப்ப குடு, இன்னும் கொஞ்சம் குடு, அங்க போயி குடு என்பதில்தான் ஸ்கூட்டர் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். எனக்கிருந்த பரபரப்பில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அதெல்லாம் வினையடைங்க," என்றாள், காபி டம்ளரை எடுத்துக்கொண்டு. "ஏழாங்கிளாஸ் பாடம். இதுக்கா இப்படி ஓடி வர்றீங்க?"

"பெயரடைன்னு ஒண்ணு உண்டே. அதுக்கும் இதுக்கும்?"

"'நல்ல வண்டி'. நல்லங்கிறது வண்டியப் பத்திச் சொல்லுது. வண்டி பெயர்ச்சொல், அதனால அது பெயரடை. 'நல்லா ஓட்டுறா'. நல்லாங்கிறது ஓட்டுறதப் பத்திச் சொல்லுது. ஓட்டுறது வினை. அதனால வினையடை."

"யாரு நல்லா ஓட்டுறா?"

"உதாரணத்துல ஓட்டுறா. குறுக்க பேசாதீங்க." அவள் முகத்தில் அன்று முதல்முறையாகக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. "'மெதுவான வண்டி', 'மெதுவாகப் போச்சு'. ஆன வந்தா பெயர்கிட்ட போகும், ஆக வந்தா வினைகிட்ட போகும்னு பசங்களுக்குச் சொல்வேன். முழுக்கச் சரியில்ல, பரீட்சைக்குப் போதும்."

"ஏன் முழுக்கச் சரியில்ல?"

"'நேத்து வந்தா'. இதுல ஆக எங்க இருக்கு? ஆனா எப்ப வந்தான்னு சொல்லுதில்ல? இங்க, அப்புறம், மெல்ல, இன்னும், எல்லாம் அப்படித்தான். வால் இல்லாமலே வேல செய்யும்."

"'சிரிச்சுக்கிட்டே வந்தா'?"

"அது வினையெச்சம். வினையிலேருந்து பொறந்தது, ஆனா செய்யறது வினையடை வேல. காபி ஆறிடுச்சு, உங்களால."

அன்று அலுவலகத்தில் உணவு இடைவேளை முழுவதும் அவள் சொன்னதை நானே சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி என்கிற பெயரோடு ஐ சேர்த்தால் வண்டியை, கு சேர்த்தால் வண்டிக்கு. உருபு வந்து உட்கார இடம் தருகிறது. போனாள் என்கிற வினையில் போனது ஒரு பெண் என்பதும், அது நடந்து முடிந்தது என்பதும் சேர்ந்தே இருக்கின்றன. சிவப்பு வண்டியிலிருந்து சிவப்பை எடுத்து வேறெங்காவது வைத்தால் வாக்கியம் முழிக்கிறது. அது வண்டியின் முன்னாலேயே நிற்க வேண்டும். மெதுவாக என்பதோ இவை எதற்கும் அசையவில்லை. மெதுவாக வந்தான், வந்தாள், வந்தது, வருவார்கள். ஆள் மாறினாலும் காலம் மாறினாலும் தான் மாறாமல் நிற்கிறது. ஆனால் இடம் மட்டும் மாறிக்கொள்கிறது. 'மெதுவாக அவள் வண்டியைத் திருப்பினாள்', 'அவள் வண்டியை மெதுவாகத் திருப்பினாள்' இரண்டும் நிற்கின்றன. வாக்கியத்திலிருந்து அதை எடுத்துவிட்டாலும் வாக்கியம் விழுவதில்லை. வண்டிதான் விழுகிறது.

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டார்.

அதன்பிறகு இரண்டு வாரம் காது சும்மா இருக்கவில்லை. மாமல்லபுரம் பஸ் நிலையத்தில் டீக்கடைக்காரரிடம் ஒருவர் "ஸ்ட்ராங் டீ" என்றார். அடுத்தவர் "டீ ஸ்ட்ராங்கா போடு" என்றார். இரண்டு டம்ளரிலும் ஒரே டீதான் வந்தது. முதலில் டீயைச் சொன்ன சொல், அடுத்ததில் போடுவதைச் சொல்லிவிட்டது. அந்த இடத்திலேயே நின்று எழுதிக்கொண்டேன். எந்த ஆங்கிலச் சொல்லாக இருந்தாலும் பின்னால் ஒரு ஆ வைத்து நம்மவர்கள் வேலைக்கு அமர்த்திவிடுகிறார்கள்: ஸ்லோவா, கரெக்டா, ஸ்ட்ரெயிட்டா. ஷேர் ஆட்டோவில் ஓட்டுநர் "நாலு பேரா குந்து" என்றார், அதையும் விடவில்லை. மே மூன்றாம் வாரம் முடிவதற்குள், ஸ்கூட்டர் சொல்லிக்கொடுக்கும் பெண் சொன்ன வினையடைகள் மட்டும் அறுபத்திரண்டு சேர்ந்திருந்தன. எப்படி, எப்போது, எங்கே, எவ்வளவு என்று நான்கு பத்தி போட்டு அழகாகப் பிரித்து வைத்தேன். ஒவ்வொரு நாளுக்கும் கிழமை, தொடங்கிய நேரம், முடிந்த நேரம்.

மனைவியும் தேறிக்கொண்டுதான் இருந்தாள். நேர் சாலையில் போகவும் நிறுத்தவும் வந்துவிட்டது. எட்டு போடுவதுதான் மிச்சம். தேர்வில் எட்டு வடிவத்தில், கால் தரையில் படாமல், வளைந்து வளைந்து வர வேண்டும். அதில் அந்தப் பெண் இன்னும் கூடவே ஓடி, கூடவே சொல்ல வேண்டியிருந்தது.

தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டாள். ஒரு நாளை வீணாக்க எனக்கு மனமில்லை. பட்டியல்தான் கையில் இருக்கிறதே. சாயங்காலம் ஐந்து மணிக்கு மனைவியைக் கடற்கரைச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சவுக்குத்தோப்புப் பாதைக்கு அழைத்துப்போனேன். செங்கல் துண்டுகளை வைத்து எட்டு அமைத்தேன். நடுவில் நாட்குறிப்போடு நின்றுகொண்டு, ஆரம்பி என்றேன்.

அவள் வந்தாள். நான் பட்டியலைப் பார்த்து, "லேசா" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தூரமா பார்" என்றேன். பத்தி மாறி, "இப்போ கொஞ்சம்" என்றேன். எதைக் கொஞ்சம் என்று அவளுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வளைவுக்குள் முன்சக்கரம் மணலில் இறங்கியது. "மெதுவா" என்று நான் சொன்னபோது வண்டி படுத்திருந்தது. வண்டியின் ஒரு பக்கக் கண்ணாடி உடைந்து தெறித்தது. அவள் முழங்காலில் புடவை கிழிந்து, ரத்தம் சவுக்குச் சருகோடு ஒட்டியிருந்தது.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவிக் கட்டுப் போட்டுக்கொண்டாள். பிறகு மேசையில் உட்கார்ந்து, தன் முத்து முத்தான கையெழுத்தில், பதவி உயர்வைத் தான் விரும்பவில்லை என்று ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள்.

"இவ்வளவு ஆசைப்பட்டியே," என்றேன்.

"ஆசப்பட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு லைப்ரரி ரூம் இருக்காம், பூட்டியே கிடக்காம். சாவி எங்கன்னு யாருக்கும் தெரியாதாம். அத மொதல்ல தொறக்கணும்னு நெனச்சிருந்தேன். விடுங்க."

மறுநாள் காலை வழக்கம்போல் 6.05க்கு அந்தப் பெண் வந்து ஹாரன் அடித்தாள். இனி வரவில்லை என்று மனைவி வாசலிலிருந்தே சொன்னாள். வந்தவள் உடைந்த கண்ணாடியைப் பார்த்தாள், கட்டைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். பட்டியலையும் காட்டினேன். உள்ளூர, அதைப் பார்த்து அவள் கொஞ்சம் வியப்பாள் என்றும் எதிர்பார்த்தேன்.

அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "அண்ணாத்த, இது எல்லாம் நான் சொன்னதுதான். ஒண்ணு வுடாம எழுதிகினு கீற. ஆனா எந்த எடத்துல சொன்னேன்? அது எங்க கீது?"

நேரம் போட்டிருக்கிறதே என்று காட்டினேன். 6.20 முதல் 6.55 வரை.

"ஆறு இருவது எனக்கு எதுக்கு? 'மெதுவா'ங்கறது முன் டயரு வளைவுக்குள்ள போறதுக்கு மின்ன சொல்றது. நான் அவங்க தோளப் பாத்துகினே ஓடுவேன். தோளு இறுகுச்சின்னா, டயரு திரும்பறதுக்கு மின்னயே வாயில வரும். நீ வண்டி சாஞ்சப்புறம் 'மெதுவா'ன்னா டீச்சர் இன்னா பண்ணும்? மெதுவா வுழுமா?"

மனைவி உள்ளே திரும்பிக்கொண்டாள். சிரிப்பதை மறைக்கத்தான் என்று தோளிலேயே தெரிந்தது. எனக்கு முகம் சூடாகிவிட்டது. தேதி, கிழமை, நிமிடம் எல்லாம் குறித்தவன், எந்த நொடியில் என்பதைக் குறிக்கவில்லை. நான்கு பத்தி போட்டுப் பிரித்தபோது எல்லாச் சொல்லையும் அதனதன் வளைவிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

"டீச்சர், வா," என்றாள் அந்தப் பெண். "இன்னிலேருந்து நான் வாயத் தொறக்க மாட்டேன். நீ சொல்லிகினே ஓட்டு. சத்தமா."

"நான் என்ன சொல்றது?"

"கிளாசுல புள்ளைங்களுக்கு எல்லாம் நீதான சொல்ற. அங்க யாரு உனுக்கு எடுத்துக் குடுக்கறாங்க?"

மனைவி கட்டுப் போட்ட காலை நீட்டி மடக்கிப் பார்த்தாள். பிறகு ஹெல்மெட்டை எடுத்தாள். கடிதம் ஃபிரிட்ஜ் மேலேயே இருந்தது. கிழிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. புதன் வரை இருக்கட்டும் என்றாள்.

என்னைச் சிறுபாலத்தில் தெருவுக்கு முதுகு காட்டி உட்காரச் சொல்லிவிட்டார்கள். அதனால் அந்த வாரம் முழுவதும் என் குறிப்பு காதால் கேட்டதுதான். முதல் நாள் அவள் பாடப்புத்தகம்போல் முழு வாக்கியமாகச் சொன்னாள். "நான் இப்போது வண்டியை இடப்பக்கம் திருப்புகிறேன்." வாக்கியம் முடிவதற்குள் இடப்பக்கம் முடிந்துவிட்டிருக்கும். காலைக் கீழே வைத்துவிட்டு "சே" என்பாள். இரண்டாம் நாள், "திருப்புறேன், மெதுவா." மூன்றாம் நாள் வாக்கியம் பாதியாகக் குறைந்தது. நான்காம் நாள், வியாழக்கிழமை, எனக்குப் பின்னால் வண்டியின் சத்தத்தோடு அவள் குரல் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. "உள்ள... இன்னும் உள்ள... லேசா... இப்ப நேரா... தூரமா... மெதுவா, மெதுவா." ஒரு வினைச்சொல்கூட இல்லை. கை செய்துகொண்டிருப்பதைக் கைக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வினையை விட்டுவிட்டு அதன் அடை மட்டும் தனியாக ஓடுவதை அதற்கு முன் நான் கேட்டதில்லை. எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. திரும்பக் கூடாதே என்று, சிமெண்டை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை 9.20க்குச் செங்கல்பட்டில் தேர்வு மைதானத்தில் இருந்தோம். திருக்கழுக்குன்றம் வழியாக நான் ஓட்டி வந்தேன், அவள் பின்னால் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். எங்களுக்கு முன் முப்பது பேராவது இருப்பார்கள். அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. காத்திருப்பவர்கள் எல்லாரும் எட்டைச் சுற்றி நின்று, உள்ளே ஓட்டுபவருக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். யாருக்கு யார் என்றே கிடையாது.

"அண்ணே ஸ்லோவா, ஸ்லோவா."

"ஸ்லோவா போனா சாஞ்சிடும்யா. ஒரே மாரி போ மச்சான்."

"காலு, காலு, காலு."

சொன்னவர்கள் பக்கம் திரும்பிய இளைஞன் காலை வைத்தான். "சொன்னேன்ல," என்றார் சொன்னவர், திருப்தியாக.

மனைவியின் முறை வந்ததும், கூட வந்திருந்த அந்தப் பெண் கூட்டத்தின் முன்னால் கையை விரித்து நின்றாள். "யாரும் வாயத் தொறக்கக் கூடாது. டீச்சர் பாடம் நடத்தப் போவுது."

சிரித்தார்கள், ஆனால் அடங்கவில்லை. வண்டி உள்ளே நுழைந்ததும் நான்கு பக்கத்திலிருந்தும் வினையடைகள் பறந்தன. அதற்கு மேலாக, பின்பெஞ்சு வரை எட்டும் அவள் வகுப்பறைக் குரல் எழுந்தது. "உள்ள. இன்னும் உள்ள. லேசா." கூட்டம் கப்சிப்பென்று ஆகிவிட்டது. முதல் வளையம் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. கால் தரையில் படவில்லை.

ஆய்வாளர் கையைக் காட்டி நிறுத்தினார். "அம்மா, யார்கூடப் பேசுறீங்க? ஹெல்மெட்டுக்குள்ள போன் ஏதும் வச்சிருக்கீங்களா?"

"இல்ல சார். எங்கூடத்தான் பேசுறேன்."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். போன் இல்லை. "ரோட்டுல இப்படிப் பேசிக்கிட்டே போவீங்களா? இன்னொரு தடவ போடுங்க. பேசாம."

அந்தப் பெண் என் கையைக் கிள்ளி, "நீயும் பேசாத அண்ணாத்த," என்றாள். நான் வாயே திறந்திருக்கவில்லை.

மனைவி ஹெல்மெட்டை மாட்டினாள். இந்த முறை கூட்டத்திலும் யாரும் பேசவில்லை. வண்டியின் சத்தம் மட்டும்தான். முதல் வளைவில் அவள் தோள் இறுகுவது தெரிந்தது. பிறகு, டயர் உள்ளே போவதற்கு முன்பே, அது தளர்ந்தது. எட்டின் நடுவில் வந்தாள், மறுபக்கம் போனாள், வந்தாள். ஆய்வாளர் காகிதத்தில் ஏதோ எழுதிவிட்டு, "அடுத்து" என்றார்.

"இன்னா ஆச்சு?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலன்னா பாஸுதான்," என்றாள் அந்தப் பெண். நான் மணியைப் பார்க்க மறந்துவிட்டேன். நாட்குறிப்பில் அந்த இடத்தில் நேரம் இல்லை.

அன்று சாயங்காலம் ஃபிரிட்ஜ் மேலிருந்த உறை நான்காகக் கிழிந்தது.

வியாழன் காலை 7.50க்கு அவள் கிளம்பினாள். பாலாற்றுப் பாலம் வரையாவது பைக்கில் பின்னாலேயே வருகிறேன் என்றேன்.

"வேணாங்க. புதுக் கண்ணாடி மாட்டியிருக்கு. நீங்க வந்தா அதுல உங்களத்தான் பாத்துக்கிட்டே போவேன்."

அலுவலகத்தில் எட்டே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டேன். போனை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 8.54க்கு அழைப்பு வந்தது.

"வந்துட்டேன்," என்றாள். பின்னால் குழந்தைகளின் இரைச்சல். "உள் ரோட்டுல ஒரு எடத்துல ரெண்டு பக்கமும் மணல் கொட்டி வச்சிருந்தாங்க. அங்க கால வச்சேன்."

"ஐயையோ."

"என்ன ஐயையோ? அங்க ஏது இன்ஸ்பெக்டர்? இருங்க, வாட்ச்மேன் ஒரு வளையம் நெறைய சாவியக் கொண்டாந்து கையில குடுத்துட்டாரு. எது எதுக்குன்னு அவருக்கே தெரியலையாம். பிரேயர் முடிச்சிட்டு ஒவ்வொண்ணா போட்டுப் பாக்கணும். வைக்கட்டுமா?"

வை என்று சொல்வதற்குள் அங்கே மணி அடித்துவிட்டது.